சிறந்த பிழைக்கு ஒரு சைக்கிள்

பிள்ளைகளுக்கு விளங்கியதா என்று அவர்களைப் பயப்படுத்தாமல் கணிப்பிடுவது எப்படி என்று ஆசிரியர்களான எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் எங்களுக்கே பரீட்சை வைத்தார்கள். கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கைத்தொலைபேசிகளை வாங்கி மேசையில் அடுக்கி, வாசலில் ஓர் ஆளையும் நிறுத்திவிட்டு, "தாழ் அழுத்தக் கணிப்பீட்டின் நன்மைகள் ஐந்து தருக" என்று கேட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியை என் தாளை எட்டிப் பார்த்தார். சித்தியடையாதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்று பயிற்சி தந்தவர் காலையிலேயே சொல்லியிருந்தார். நான் நான்கு நன்மைகள் எழுதினேன். ஐந்தாவது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் பெயர் சுலோஜனா. வேலணையில் பஸ் ஏறி, இறங்குதுறையில் படகு ஏறி, ஒரு சின்னத் தீவுக்குப் போய் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கு என்னைப் படகில் ஏற்றமாட்டார்கள், எனக்கு நீந்தவும் தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. அதனால் இங்கே ஒரு பிள்ளையைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் மாதிரி வினாத்தாளில் எத்தனை புள்ளி என்றுதான் கேட்பார்கள். புள்ளி நல்லதென்றால் அதற்குப் பிறகு பெயரைக் கேட்பார்கள். நல்லதில்லையென்றால் பெயர் தேவைப்படாது.

என் வகுப்பில் ஜெனிற்றா என்று ஒரு பிள்ளை. தகப்பன் நண்டுவலை போடுகிறவர், தாய் மேரிறோஸ் கரையில் குந்தி வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுகிறவள். ஜெனிற்றா எந்தச் சோதனைக்கும் வெறுந்தாள்தான் தருவாள். அழுக்கில்லாமல், மடியாமல், ஓரம் கூடக் கசங்காமல் ஒரு வெறுந்தாள். கேட்டால் நிலத்தைப் பார்ப்பாள். பிழையாக எழுதுகிற பிள்ளையைத் திருத்தலாம், வெறுந்தாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவளுக்கு எது விளங்கவில்லை என்று அவள் ஒருநாளாவது எனக்குக் காட்டவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். சான்றிதழ் கிடைக்காத பயிற்சியில் இருந்து நான் கொண்டுவந்த முறையையும் அவளை நினைத்துத்தான் தொடங்கினேன்.

முறை இதுதான். இடைவேளை முடிந்து வந்ததும் கரும்பலகையில் ஒரேயொரு கேள்வி. பிள்ளைகள் ஒரு துண்டுத் தாளில் விடையும், ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று ஒரு வரியும் எழுதி, ஒரு வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் போடவேண்டும். பெயர் எழுதக்கூடாது. புள்ளி இல்லை. நான் எல்லாவற்றையும் வாசித்து, படிப்பதற்கு ஏதாவது உள்ள ஒரு பிழையை எடுத்து, "இண்டைய நல்ல பிழை இது" என்று கரும்பலகையில் போடுவேன். ஒருவர் ஏன் அப்படி நினைத்திருப்பார் என்று எல்லோரும் சேர்ந்து யோசிப்போம். பிறகு துண்டுகள் எல்லாம் பள்ளிக்கூடக் குசினி அடுப்புக்குள் போய்விடும்.

"அப்ப எதுக்கு ரீச்சர் எழுதுறது?" என்று முதல் நாளே மிரோஜன் கேட்டான். கடற்றொழிலாளர் சங்கத் தலைவரின் மகன், கெட்டிக்காரன்.

"விளங்கினதோ எண்டு பாக்க."

"பாத்து?"

"விளங்காட்டில் திருப்பிச் சொல்லித்தர."

அவன் என்னை நம்பவில்லை. தன் துண்டின் மூலையில் தானே நூற்றுக்கு நூறு என்று போட்டுத் தந்தான்.

தாய்மார் அதைவிட மோசம். புள்ளி இல்லாத சோதனை என்று ஒன்று இருக்கலாம் என்பதை அவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. புள்ளி இருக்கிறது, ரீச்சர் ஒளிக்கிறா என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருத்தி இறங்குதுறையில் என்னை மறித்து, "எனக்கு மட்டும் சொல்லுங்கோ ரீச்சர், அந்தோனியாராணை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றாள். புள்ளி இல்லை என்றேன். கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள், அடுத்த நாள் ஒரு பை நண்டோடு வந்தாள். நண்டை நான் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் புள்ளி இல்லை.

பிள்ளைகளுக்கு மெல்ல மெல்லப் பயம் தெளிந்தது. பிழைகள் வரத் தொடங்கின. நல்ல, கொழுத்த, யோசித்து விட்ட பிழைகள். அவற்றை வாசிக்கும்போது இத்தனை வருடமாக நான் சுவருக்குத்தான் படிப்பித்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. ஒவ்வொரு நாளும் பேணிக்குள் ஒரு வெறுந்துண்டு மட்டும் கிடக்கும். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் அதையும் மற்றவற்றோடு அடுப்பில் போடுவேன்.

ஒருநாள் நாலில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டிருந்தேன். பேணிக்குள் வெறுந்துண்டு இல்லை. அதற்குப் பதிலாக, எறும்பு போன மாதிரி ஒரு கையெழுத்து: "எட்டில் ஒன்று பெரிசு. ஏனெண்டால் எட்டுப் பேருக்குக் கூழ் காய்ச்சுற பானைதான் பெரிசு."

அந்தத் துண்டை இரண்டாம் முறையும் வாசித்தேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இண்டைய நல்ல பிழை" என்று அதைப் பலகையில் எழுதினேன். ஒரு பானைப் படமும் கீறினேன். வகுப்பு சண்டைபிடிக்கத் தொடங்கியது. பானை பெரிசுதானே என்று பாதிப் பேர். இல்லையடா, பானை ஒண்டுதான், குடிக்கிற ஆக்கள்தான் கூட என்று மற்றப் பாதி. ஒரே பானையை நாலு பேர் குடித்தால் எத்தனை சிரட்டை, எட்டுப் பேர் குடித்தால் எத்தனை சிரட்டை என்று ஒருத்தி கணக்குப் போட்டாள். அப்போதுதான் ஜன்னல் பக்கம் இருந்து ஒரு சத்தம் கேட்டது.

"அது என்ர. நான் ரெண்டு பானை எண்டு நினைச்சிட்டன்."

ஜெனிற்றா எழுந்து நின்றாள். தான் எழுந்து நின்றது அவளுக்கே தெரியவில்லை போல. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. "ஒரே பானை எண்டால் எட்டுப் பேருக்குக் கொஞ்சம்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள். எனக்கு அந்த மாதச் சம்பளத்தைத் தராவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அந்தச் சந்தோசத்தைக் கெடுக்கப் பள்ளிக்கூட அதிபர் இராசநாயகம் வந்தார். நல்ல மனிதர், மேலிடத்தில் இருந்து காற்று வந்தாலும் எழுந்து நின்று வாங்குகிறவர். பேணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ரீச்சர், உதுக்குப் பதிவு ஏதும் வைச்சிருக்கிறீரோ? ஆராவது வந்து கேட்டால் காட்ட?"

"எல்லாம் எரிச்சுப்போட்டன் சேர்."

அவர் பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் இருந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துத் தெளிந்த பிறகு, ஏதாவது ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்று பேணியைப் படம் எடுத்தார். அந்தப் படத்தை "எமது பாடசாலையின் புத்தாக்கம்" என்று எழுதி ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டார்.

எங்கள் தீவில் இருக்கிற சனத்தைவிட அந்தக் குழுவில் இருக்கிற சனம் அதிகம். பாரிஸில் இருந்தும் ரொறொன்ரோவில் இருந்தும் கை கூப்புகிற படங்களும் பூச்செண்டுகளும் வந்து குவிந்தன. மறுநாள் மத்தியானம் தீவில் இருந்து போனவர்களுடைய பாரிஸ் ஒன்றியத்தின் தலைவர் அமலதாஸ் எனக்கு அழைப்பு எடுத்தார்.

"ரீச்சர், நல்ல வேலை செய்யிறியள். ஒண்டாம் பிள்ளை ஆர்?"

"இதில ஒண்டாம் பிள்ளை இல்லை அண்ணை."

"ஓ. ரெண்டாம் பிள்ளை?"

"அதுவும் இல்லை."

"அப்ப எல்லாரும் கடைசியோ?"

"கடைசியும் இல்லை அண்ணை. இது விளங்கினதோ எண்டு பாக்கிறது மட்டும்."

"அப்ப நாங்கள் ஆருக்குத்தான் பரிசு குடுக்கிறது?" என்று கேட்டபோது அவருடைய குரலில் உண்மையான துக்கம் இருந்தது. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பரிசு கொடுக்காமல் இந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் முடியாது. அவரைச் சமாதானப்படுத்தத்தான் நான் ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல பிழையைத் தெரிவு செய்கிற கதையைச் சொன்னேன்.

"அதைச் சொல்லுங்கோவன்! சிறந்த பிழைக்குக் குடுப்பம். ஒரு சைக்கிள். மாதா பெருநாளுக்கு நான் வாறன், மேடை போட்டுக் குடுப்பம்."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது. பின்னேரம் படகுக்குப் போகும்போது இறங்குதுறை முழுவதும் சைக்கிள் கதைதான்.

சைக்கிள் இங்கே சின்ன விசயம் இல்லை. ஆறாம் வகுப்புக்குத் தீவின் மேற்குக் கரையில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். கிழக்குக் கரைப் பிள்ளைகள் வெட்டவெளியில், மணல் தெருவில், காற்றுக்கு முகம் கொடுத்து நடக்கவேண்டும். மேரிறோஸின் வீடு கிழக்குக் கரையில் கடைசி வீடு.

அடுத்த சனிக்கிழமை தீவுக்கு ரியூசன் வந்தது. வழமையாகக் கணிதம் படிப்பிக்கிற நிரோஜன் மாஸ்ரர் இந்தமுறை பிழைக் கருத்தரங்கு ஒன்றை அறிவித்திருந்தார். "அனுபவம் வாய்ந்த ஆசிரியரிடம் பிழை பழகுவோம்" என்று மதில்களில் ஒட்டியிருந்தது. பிழைகளைக் கவனயீனப் பிழை, கருத்துப் பிழை, கலப்புப் பிழை என்று வகுத்து, இந்த வருடம் எதிர்பார்க்கப்படும் பிழைகள் என்று ஒரு கையேடும் அடித்துவிட்டார். திரும்பி வருகிற படகில் அவரைப் பிடித்தேன்.

"மாஸ்ரர், பிழை எண்டது தானா வாறது. அதைப் பழக்க ஏலாது."

"அதுதான் ரீச்சர் பிரச்சினையே. தானா வாற பிழையில தரம் இல்லை. பிள்ளையளுக்குப் பயிற்சி காணாது."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பேணி மாறிப்போனது. துண்டுத் தாள்களுக்குப் பதிலாகக் கோடடித்த முழுத்தாள்கள் வந்தன. மேலே பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம். சுற்றிவரச் சிவப்புப் பேனையால் பூவேலை. ஏழு பேர் ஒரே பிழையை ஒரே வசனத்தில் விட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை கையேட்டில் இருந்த "மாதிரிப் பிழை இலக்கம் மூன்று" என்ற தலைப்பையும் சேர்த்துப் பார்த்தெழுதியிருந்தது. யாருக்கு என்ன விளங்கவில்லை என்று எனக்கு மறுபடியும் தெரியாமல் போய்விட்டது. கூட்டல் ஒழுங்காகத் தெரிந்த பிள்ளைகள் இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கணக்கு வராத பிள்ளைகளோ, தங்களுடைய உண்மையான பிழை கையேட்டில் இல்லையே என்று வெட்கப்பட்டு ஒளித்தார்கள்.

ஜெனிற்றா மட்டும் பழையபடி துண்டுத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். பெயர் போடாமல், தனக்குத் தோன்றியதை. அதுவும் பிளெக்ஸ் போர்ட் வரும்வரைக்கும்தான்.

பரிசுக்கு ஒரு பிள்ளையின் பெயரும் படமும் அனுப்பச் சொல்லி அமலதாஸ் அதிபரை நெருக்கியிருக்கிறார். கூழ்ப்பானைக் கதை ஊருக்கே தெரியும். அதிபர் என்னிடம் ஒரு சொல்லுக் கேட்கவில்லை. ஒருநாள் காலை நான் படகால் இறங்கியபோது இறங்குதுறை வாசலில் ஆளுயரத்துக்கு நின்றது: "சிறந்த பிழை விட்டு எமது மண்ணுக்குப் பெருமை சேர்த்த செல்வி ஜெனிற்றாவை வாழ்த்துகிறோம்." மேலே ஒன்றியத்து நிர்வாகிகள் பன்னிரண்டு பேரும் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அதிபர். கீழ் மூலையில், முத்திரை அளவில், பயந்த கண்களோடு ஜெனிற்றா. அவளுடைய படத்துக்குப் பக்கத்தில் ஒரு பானையும் போட்டிருந்தார்கள். படம் கீறியவர் அதற்குள் பொங்கல் பொங்கவிட்டிருந்தார்.

அன்றைக்குப் படகுத் துறையில் நின்ற இளந்தாரிகள் அவளுக்குப் பானை என்று பெயர் வைத்தார்கள். அடுத்த நாள் பேணிக்குள் பூவேலைத் தாள்களுக்கு நடுவில் ஒரு வெறுந்துண்டு கிடந்தது. அதற்கடுத்த நாளும். தொட்ட மசுக்குட்டிப் புழு மாதிரிச் சுருண்டு ஜெனிற்றா ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். நான் அதிபரிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"அந்தப் போர்ட்டைக் கழட்டுங்கோ சேர்."

"பிரான்ஸ்காரர் அடிச்சது ரீச்சர். கழட்டினால் கோவிப்பினம்."

"பிள்ளை கதைக்கிறதை விட்டிட்டுது சேர்!"

"அது முதலும் கதைக்கிறதில்லைத்தானே" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் போர்ட் அங்கேயே நின்றது.

போர்ட்டைப் பார்த்துச் சங்கத் தலைவர் வேறு கொதித்துப்போய் வந்தார். அவருக்குத் தன் மகன் மிரோஜன் பிழை விடுவதில் பின்தங்கிவிட்டான் என்ற அவமானம். "என்ர பெடியன் கருத்தரங்குக்குப் போனவன். அந்தப் பிள்ளை ஒரு வகுப்புக்கும் போகாமல் சும்மா விட்ட பிழைக்குச் சைக்கிளோ? இதில நீதி எங்க இருக்கு?" என்று கேட்டார். நியாயம்தான் என்று அதிபருக்குப் பட்டது. ஆகவே பெருநாள் மேடையில், எல்லோருக்கும் முன்னால், இரண்டு பேரும் தங்கள் தங்கள் பிழையை விட்டுக் காட்டவேண்டும் என்று முடிவானது. நடுவர்கள் அதிபர், அமலதாஸ், நிரோஜன் மாஸ்ரர். மாஸ்ரரின் மாணவன்தானே மிரோஜன் என்று கேட்டேன். அதனால்தான் அவருக்குப் பிழையின் தரம் தெரியும் என்றார்கள்.

பெருநாளுக்கு முதல் நாள் மேரிறோஸ் வகுப்புக்கு வந்தாள். கையில் நண்டு கிழித்த காயங்கள். ஜெனிற்றா தாய்க்குப் பின்னால் நின்றாள்.

"ரீச்சர், இவள் அந்தப் பிழையை மறந்துபோவாளோ எண்டு பயமாக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் எட்டுத்தான் பெரிசு, எட்டுத்தான் பெரிசு எண்டு சொல்லப் பண்ணுறன். நீங்களும் ஒருக்கா எழுதப் பழக்கிவிடுங்கோ."

"அக்கா, அது பிழை."

"தெரியும் ரீச்சர். அதுக்குத்தானே சைக்கிள்."

வருகிற தையில் ஆறாம் வகுப்புத் தொடங்கினால் அவளுடைய பிள்ளைதான் அந்த மணல் தெருவில் நடக்கப்போகிறாள், நானில்லை. ஒருக்கால் எட்டு என்று எழுதிவிட்டுச் சைக்கிளோடு வீட்டுக்குப் போகட்டுமே என்று எனக்கும் மனம் தளர்ந்தது. ஆனால் என்னுடைய சோக்கட்டியை எடுத்து அந்தப் பிள்ளைக்குப் பிழை பழக்க எனக்குக் கை வரவில்லை. "அவளுக்குத் தெரிஞ்சதை எழுதட்டும் அக்கா" என்று மட்டும் சொன்னேன். ஜெனிற்றா நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கோயில் முற்றத்தில் மேடை. கடல் காற்றில் அலங்காரத் துணி படபடத்தது. பிளாஸ்ரிக் கதிரைகளில் முழு ஊரும் இருந்தது, கைத்தொலைபேசியைத் தடியில் கட்டி விழாவைப் பாரிஸுக்கு நேரடியாகக் காட்டினார்கள். அமலதாஸ் போர்ட் படத்தில் போட்டிருந்த அதே கோட்டோடு வந்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். மேடையின் ஓரத்தில் பொலித்தீன் கழற்றாத நீலநிறச் சைக்கிள் நின்றது. பேசியவர்கள் எல்லோரும் பிழையின் பெருமை பற்றிப் பேசினார்கள். எங்களுடைய சமூகம் பிழை விடுவதில் உலகத்துக்கே முன்னுதாரணம் என்று ஒருவர் சொன்னபோது நான்தான் முதலில் கைதட்டினேன்.

மிரோஜன் வந்தான். தலைமயிர் எண்ணெய் வைத்துப் படிந்திருந்தது. இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று முத்துப்போல எழுதினான். பிறகு சபையைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, "மேலே உள்ளவற்றை மேலும் கீழே உள்ளவற்றைக் கீழும் கூட்டினேன். இது எனது ஆழமான தவறான புரிதலாகும். நன்றி, வணக்கம்" என்றான். கைதட்டல் அடங்கக் கனநேரம் ஆனது. அந்தக் கணக்கை வகுப்பில் ஒருநாளும் அவன் பிழையாகச் செய்ததில்லை.

ஜெனிற்றாவைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறும்போது ஒரு பக்கம் இருந்து "பானை" என்று ஒரு சத்தம் வந்தது, சிரிப்பும் வந்தது. அவள் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். நாலில் ஒன்று, எட்டில் ஒன்று, எது பெரிது என்று அறிவிப்பாளர் வாசித்தார். அவள் அசையவில்லை. வெறும் பலகையை விட்டுவிட்டு இறங்கி வரப்போகிறாள் என்று நினைத்தேன். அந்த நேரம் எனக்குச் சைக்கிளும் வேண்டாம், ஊரும் வேண்டாம், அவளைத் தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடினால் போதும் என்று இருந்தது.

அவள் எழுதினாள். "நாலில் ஒன்று பெரிசு." கீழே ஒரே அளவில் இரண்டு பானைகள் கீறி, ஒன்றை நாலாகவும் மற்றதை எட்டாகவும் பிரித்தாள்.

முற்றம் முழுக்க முணுமுணுப்பு. நிரோஜன் மாஸ்ரர் அதிபரின் காதுக்குள் ஏதோ சொன்னார். அறிவிப்பாளர் ஒலிவாங்கியில், "பிள்ளை பதட்டத்தில் சரியாக எழுதிவிட்டார், இன்னுமொரு சந்தர்ப்பம் கொடுப்போம்" என்றார். பலகையை அழித்தார்கள். அவள் மறுபடியும் நாலில் ஒன்று என்றே எழுதினாள். பாரிஸில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அமலதாஸ் எழுந்து வந்து குனிந்தார்.

"பயப்படாதை மோனை. அண்டைக்கு வகுப்பில எழுதினமாதிரி வடிவா எழுது பாப்பம். எட்டு எண்டு எழுது. சைக்கிள் உனக்குத்தான்."

கீழே இருந்து மேரிறோஸ் கத்தினாள். "எழுதன் பிள்ளை! எட்டு எண்டு எழுதன்!"

ஜெனிற்றா தாயைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள். அவளுக்கு அது வேண்டும், அது முகத்தில் அப்படியே தெரிந்தது. சோக்கட்டியைத் தூக்கினாள். பலகையில் வைத்தாள். பிறகு கையை இறக்கிவிட்டு அமலதாஸிடம் சொன்னாள். அவர் கையில் இருந்த ஒலிவாங்கியில் விழுந்து அது முற்றம் முழுக்கக் கேட்டது.

"அந்தப் பிழை எனக்கு இனி வராது."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த முழுக் கூத்திலும் ஒரு பிள்ளைக்கு ஒரு விசயம் விளங்கியிருக்கிறது என்பதற்கு இருந்த ஒரேயொரு அத்தாட்சி அதுதான். அதைப் பார்த்துவிட்டு நடுவர்கள் மூவரும் ஒருமனதாகச் சைக்கிளை மிரோஜனுக்குக் கொடுத்தார்கள். தொடர்ந்து பிழை விடும் ஆற்றல் இந்தப் போட்டியாளரிடம் காணப்படவில்லை என்று ஜெனிற்றாவைப் பற்றி அதிபர் வாசித்தார். மிரோஜன் மேற்குக் கரைப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுப் பெடியன்.

கூட்டம் கலைய நான் இறங்குதுறைக்கு நடந்தேன். கடைசிப் படகு பிடிக்கவேண்டும். பின்னால் மேரிறோஸின் குரல் வந்துகொண்டே இருந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கண்ணுக்கு முன்னால வந்த சைக்கிள்! ஒரு எட்டை எழுத உனக்குக் கை வரேல்லையோ? ஊர் முழுக்கப் பாத்துச் சிரிக்குது! விசரி!"

என்னைக் கண்டதும் நின்றாள். ஜெனிற்றா என் காலைப் பார்த்தாள். அவளுடைய விரல்களில் சோக்குத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. ஏச்சு எனக்கும் வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அது எனக்குத் தகும். பேணியைக் கொண்டுவந்தவள் நான்தானே.

ஏச்சு வரவில்லை. மேரிறோஸுக்கு மூச்சு வாங்கியது.

"ரீச்சர், உண்மையைச் சொல்லுங்கோ. அவள் எழுதினது சரியோ?"

"சரி அக்கா."

"ஆரையும் பாத்து எழுதேல்லையே? விளங்கித்தான் எழுதினவளோ?"

"ஓம். விளங்கித்தான். இனி ஆர் மாத்திச் சொன்னாலும் மாறாது."

மேரிறோஸ் மகளின் கையைப் பார்த்தாள். இழுத்துப் பிடித்திருந்த பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, சேலைத் தலைப்பால் அந்த விரல்களைத் துடைத்துவிட்டாள். கோபம் இன்னும் போகவில்லை, அழுத்தித்தான் துடைத்தாள். பிறகு பிள்ளையைக் கிழக்குப் பக்கம் திருப்பினாள்.

"அப்ப நடக்கட்டும்" என்றாள். "காலுக்கு ஒண்டுமில்லைத்தானே."